பின் சக்கரம் பிடிக்கிறதா?

ரயில்வேயில் இதற்கு 'பிரேக் பைண்டிங்' என்று பெயர். டிரைவர் பிரேக்கை விட்டுவிட்டார். ஆனால் ஏதோ ஒரு பெட்டியில், ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் விடவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும், அந்தச் சக்கரம் மட்டும் பிடித்த பிடியிலேயே இழுபடும். சக்கரம் சூடேறும், புகையும். முழுதாகப் பிடித்துக்கொண்டால் உருளாமல் தண்டவாளத்தில் தேய்ந்து ஓரிடத்தில் தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் படுத்தவர்களுக்கு விடிய விடிய 'தட், தட்' என்ற சத்தம்தான். 1981இல் மெக்கானிக்கல் டிப்ளமாவை முடித்த கையோடு கேரேஜ், வேகன் பிரிவில் சேர்ந்து 2019இல் ஓய்வு பெறும்வரை, நான் அதிகம் துரத்திய வியாதி இதுதான். சேர்ந்தபோது பெரும்பாலும் வாக்குவம் பிரேக்; பிறகு ஏர் பிரேக்; கடைசியாக எல்.எச்.பி. பெட்டிகளின் டிஸ்க் பிரேக். இப்படிப்பட்ட நான் என் சொந்த மகள் வீட்டுக் காரில் இதே வியாதியைத் தவறவிட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மும்பைத் தமிழர்கள் பலரும் செய்வதைத்தான் மகளும் மாப்பிள்ளையும் செய்தார்கள். மே மாதம் பேத்தியின் பள்ளி விடுமுறைக்கு ரயிலில் ஊருக்குப் போனார்கள். கார் சொசைட்டி வாசலில் திறந்த வெளியில், ஹேண்ட்பிரேக்கை இறுக்க இழுத்துவிட்ட நிலையில் ஒரு மாதம் நின்றது. திரும்பி வருவதற்குள் மழை தொடங்கிவிட்டது. மறுநாள் காலை மாப்பிள்ளையிடமிருந்து போன்.

"மாமா, வண்டி நகரவே மாட்டேங்குது."

"ஹேண்ட்பிரேக்கை இறக்கியாச்சா மாப்பிள்ளை?"

"இறக்கியாச்சு மாமா. ஆனா பின்னாடி பிடிச்ச மாதிரி இருக்கு."

கியரில் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைக்கச் சொன்னேன். 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி நகர்ந்துவிட்டது. இது பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. டிஸ்க் வார்ப்பு இரும்பு. ஈரத்தில் ஓர் இரவிலேயே துரு பூக்கும். ஒரு மாதம் பேட் அதோடு ஒட்டியே நின்றால் துருவே பசையாகிவிடும். பின் சக்கரத்தில் இது அதிகம். பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன் பிரேக்குகளே செய்கின்றன. பின் டிஸ்க் பாதி நாள் சும்மா இருக்கிறது; சும்மா இருப்பது துருப் பிடிக்கிறது.

ஒரு வாரம் கழித்து மீண்டும் போன். பெட்ரோல் அதிகம் குடிக்கிறதாம். நிறுத்தும்போது இடது பின் சக்கரத்தில் கருகல் வாடை வருகிறதாம். நான் போய்ப் பார்த்தேன். அந்தக் காரில் ஹேண்ட்பிரேக் கேபிள் நேராகப் பின் காலிபரிலுள்ள ஒரு சிறிய நெம்புகோலை இழுக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் அந்த நெம்புகோல் திரும்பி வந்து தன் நிறுத்தத்தில் உட்கார வேண்டும். இடது பக்கம் உட்காரவில்லை. கேபிள் உறைக்குள் துரு. எண்ணெய் விட்டு, பத்துப் பதினைந்து முறை இழுத்து விட்டதும் சரியாக உட்கார்ந்தது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினேன், நன்றாகச் சுற்றியது. "முடிஞ்சது மாப்பிள்ளை, தைரியமா போங்க" என்று சொல்லி, மகள் போட்ட காப்பியையும் குடித்துவிட்டு வந்தேன்.

என் தவறு என்ன? பிரேக் பெடலை ஒருமுறைகூட மிதித்துப் பார்க்கவில்லை. ரயிலில் ஒரு பெட்டியைச் சோதிக்கும்போது பிரேக்கைப் போட்டு, பிறகு விட்டு, அதற்குப் பிறகுதான் 'ரிலீஸ்' ஆனதா என்று பார்ப்போம். போடாத பிரேக் விட்டிருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பவனை நான் சும்மா விட்டதில்லை. எனக்கு நானே அதைச் செய்துகொண்டேன். ஒரு கோளாறைக் கண்டுபிடித்ததும், அதுதான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் புனே போனார்கள். திரும்பும்போது கண்டாலாவிலிருந்து இறங்கும் வழியில் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அடுத்த மிதிப்பில் இன்னும் கீழே. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டியிருக்கிறார். இடது பின் சக்கரத்தில் புகை. மாப்பிள்ளை நிதானமான மனிதர். கியரை மூன்று, இரண்டு என்று குறைத்து, பெடலைப் பலமுறை அடித்து மிதித்து, ஹேண்ட்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து ஓரத்தில் ஒதுக்கிவிட்டார். பேத்தி பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாளாம். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

பெடல் ஏன் கீழே போயிற்று? போர் காட் எப்படிப்பட்ட இடம் என்பது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். அங்கே ரயில் பாதையின் சரிவு 37க்கு 1. சாலையில் இறங்கும் உயரம் சுமார் 500 மீட்டர். 1,400 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ளும், மிச்சம் பிரேக்குக்குத்தான். ஏற்கெனவே பிடித்துக்கொண்டு சூடாக இருக்கும் சக்கரத்துக்கு இது எரிகிற வீட்டில் எண்ணெய். அந்தச் சூடு காலிபருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலைக் கொதிக்க வைத்துவிட்டது. ஆயில் அமுங்காது, ஆனால் ஆவி அமுங்கும். மிதிக்கும் அழுத்தமெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். பெரும்பாலான சிறிய கார்களில் பிரேக் குழாய்கள் குறுக்காக இரண்டு சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: இடது பின், வலது முன் ஒன்று, மற்றவை இன்னொன்று. ஒரு சுற்று போனாலும் இன்னொன்று பாதி வேலை செய்யும். அந்தப் பாதிதான் அன்று காப்பாற்றியது.

இங்கே பிரேக் ஆயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 ரக ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதிக்கப்பட்ட கீழ் எல்லை 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. மும்பை போன்ற கடலோர ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மாப்பிள்ளையின் காரில் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. வாங்கியதிலிருந்தே மாற்றவில்லை என்பது என் யூகம். வீட்டில் திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றுவதும் கூடாது; அது டப்பாவிலேயே தண்ணீர் குடித்திருக்கும்.

சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று போனில் சொன்னேன். ஊற்றினால் டிஸ்க் நெளியும், விரிசல் விடும். வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். பக்கத்து கேரேஜில் சக்கரத்தைக் கழற்றாமலே, "தோனோ காலிபர் ஜாம் ஹை, சாப்" என்று பெரிய தொகையாக ஒரு மதிப்பீட்டை நீட்டினார்கள். இரண்டும் ஜாம் என்றால் வலது சக்கரம் ஏன் குளிர்ந்து கிடக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, நானே முறைப்படி பார்த்தேன்.

அந்த முறையை நீங்களும் தெரிந்துகொள்ளலாம். கையில் கருவி பிடிக்காவிட்டாலும், மெக்கானிக்கிடம் சரியான கேள்வி கேட்க உதவும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கிய பிறகு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் கை விடாதீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசான உரசல் சத்தம் இருக்கலாம், அது இயல்பு. ஆனால் முழுச் சுற்று தடையின்றி வர வேண்டும்.

எங்கள் வண்டியில் வந்தது! ஆறிப்போன நிலையில் இரண்டு பக்கமும் நன்றாகவே சுற்றின. போன முறை என்னை ஏமாற்றியது இதுதான். இம்முறை மாப்பிள்ளையை உள்ளே உட்கார வைத்து, பெடலை ஐந்து முறை அழுத்தமாக மிதித்து விடச் சொன்னேன். வலது சக்கரம் சுற்றியது. இடது சக்கரத்தை இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை.

இப்போது கேள்வி ஒன்றுதான்: பிடித்து வைத்திருப்பது ஆயிலின் அழுத்தமா, இரும்பின் இறுக்கமா? காலிபரில் காற்று எடுக்கும் சிறிய நிப்பிளைக் கால் திருகு தளர்த்தினால் தெரிந்துவிடும். (கண்ணாடி அணியுங்கள், ஆயில் பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும்.) தளர்த்தியும் சக்கரம் விடவில்லை என்றால் கோளாறு இரும்பில். பிஸ்டன் துருப் பிடித்திருக்கலாம், காலிபர் நகரும் பின்கள் இறுகியிருக்கலாம், பேட் தன் தாங்கியில் துருவால் சிக்கியிருக்கலாம், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள். உள் பேட் மட்டும் தேய்ந்து வெளிப் பேட் புதிது போல இருந்தால் முதலில் பின்களைச் சந்தேகியுங்கள். எங்கள் நிப்பிளைத் தளர்த்தியதும் ஆயில் பீச்சியது, சக்கரம் விடுபட்டது. ஆக, அழுத்தம் உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது.

எங்கே அடைபட்டது? நிப்பிளை மூடி, மீண்டும் மிதிக்கச் சொல்லி, இம்முறை ரப்பர் ஹோஸுக்கு முன்னால், இரும்புக் குழாய் வந்து சேரும் இணைப்பைத் தளர்த்தினேன். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அப்போது பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சக்கரம் பிடிக்கும். எங்களுக்கு விடவில்லை. மறுபடி காலிபர் நிப்பிளைத் தளர்த்தினேன், விட்டது. குற்றவாளி நடுவிலிருந்த ஒரு முழ ரப்பர் ஹோஸ்.

வெளியே பார்த்தால் வெடிப்பு, கசிவு எதுவும் இல்லை. கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் அறுத்தேன். உள் ரப்பர் உப்பி, ஓரிடத்தில் உரிந்து நாக்குப் போல நின்றது. காலின் பலத்துக்கு வழி விட்ட அந்த நாக்கு, ஆயில் திரும்பி வரும்போது கதவை மூடிக்கொண்டது. பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அதைச் சுற்றியுள்ள சதுர ரப்பர் வளையம் மிதிக்கும்போது லேசாக முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிரும். அந்த நூலிழை அளவுதான் பின்வாங்கல். அவ்வளவு மெலிந்த சக்தியால் அடைபட்ட ஆயிலை எதிர்த்துத் தள்ள முடியாது.

இரண்டு பின் ஹோஸ்களையும் மாற்றினேன். ஒன்றுக்கு வயதானால் இன்னொன்றுக்கும் வயதுதானே. விலை, காலிபர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இடது காலிபர் நன்றாகச் சுட்டிருந்ததால் அதன் ரப்பர் வளையமும் தூசு உறையும் புதிது. பேட்கள் கண்ணாடி போலப் பளபளத்துக் கெட்டிப்பட்டிருந்தன, டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. இரண்டையும் இருபுறமும் ஜோடியாக மாற்றினோம். ஆயில் முழுவதும் புதிது. காற்று எடுக்கும்போது மேலே உள்ள டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் அது மகளின் வேலை.

செய்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ஹேண்ட்பிரேக் காலிபருக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் பிஸ்டனை முன் சக்கரம் போல சி-கிளாம்ப் வைத்து நெரிக்கக் கூடாது; திருகிக்கொண்டே அழுத்த வேண்டும், அதற்குக் கருவி உண்டு. பட்டனால் இயங்கும் மின்சாரப் பார்க்கிங் பிரேக் என்றால் ஸ்கேனர் இணைத்து மோட்டாரைப் பின்வாங்க வைத்த பிறகே கை வைக்கலாம். பின்களுக்கு பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே. சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். ஒரு நண்பர் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்; தலைக்கு நல்லது, பின்னுக்கு அல்ல. பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். மிகப் பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். எல்லாம் முடிந்ததும் வண்டியை எடுப்பதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதிப்பு தரைக்குப் போகும்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று கேட்கிறார்கள். சமதரையானால் ஹேண்ட்பிரேக் வேண்டாம். கியரில் போட்டு, இரண்டு பக்கமும் செங்கலோ கட்டையோ வைத்துவிட்டுப் போங்கள். நிறுத்துவதற்கு முன், குறிப்பாகக் கழுவிய அன்றும் மழையன்றும், மெதுவாக நாலைந்து தடவை பிரேக் போட்டு டிஸ்க்கை உலர வையுங்கள்.

எல்.எச்.பி. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறிய சாளரம் இருக்கும். பச்சை தெரிந்தால் பிரேக் விட்டிருக்கிறது, சிவப்பு தெரிந்தால் பிடித்திருக்கிறது. பிளாட்பாரத்தில் நின்றபடியே பார்த்துவிடலாம். காருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் வண்டி ஓடி நின்றதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால் போதும் (தொடாதீர்கள், சுடும்). ஒரே அச்சில் இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். இப்போது தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் சிறிய துப்பாக்கிக் கருவி எளிதாகக் கிடைக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

அதைப் பேத்தி பறித்துக்கொண்டாள். புனே போகும்போதெல்லாம் கண்டாலாவில் தேநீருக்கு நிறுத்தியதும் அவள்தான் இறங்கிச் சுற்றி வந்து அளக்கிறாள். சங்கத்தின் தமிழ் வகுப்பில் எண்களை எழுத்தால் எழுதப் பழகிக்கொண்டிருப்பதால், எனக்குக் குறுஞ்செய்தியும் அப்படியே வருகிறது: 'தாத்தா, இடது பின் அறுபத்தொன்று, வலது பின் ஐம்பத்தெட்டு.'