மகப்பேறின்மையும் மாதர் உடல்நலமும்

கூட்டுறவுச் சங்கம் என்பது கடன் கொடுத்து வாங்குவதோடு நின்றுவிடும் ஸ்தாபனமன்று. அங்கத்தினரின் குடும்பம் நலிவுற்றால் சங்கமும் நலிவுறும். மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் திருக்கனூர், திருபுவனை, மதகடிப்பட்டு முதலிய ஊர்ப்பக்கங்களில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பங்களிலும், தறியை நம்பி வாழும் குடும்பங்களிலும் கடன் முற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எவரும் மனுவில் எழுதுவதில்லை. வீடு பழுதுபார்க்க என்றும், மாடு வாங்க என்றும் பெற்ற பணம், பிள்ளைப் பேற்றுக்கான சிகிச்சைக்குச் சென்றுவிடுகிறது. நகை அடகுக்குப் போகிறது. பின்னர் நிலமும் போகிறது. ஆகையால் இம்மாதப் பாடமாக இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இருவர் கணக்கையும் பார்த்தல்

ஒரு சங்கத்தில் வரவேட்டை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுச் செலவேட்டைத் தொடாமல் தணிக்கைச் சான்று கொடுக்க முடியுமா? முடியாது. ஆயினும் பிள்ளையில்லாத வீட்டில் இத்தகைய தணிக்கையே நடைபெறுகிறது. பெண்ணுக்கு மட்டும் மருந்து, பெண்ணுக்கு மட்டும் விரதம், பெண்ணுக்கு மட்டுமே வசை. சுபகாரியங்களில் அவளை ஒதுக்கி வைப்பதும், இரண்டாம் மணத்தைப் பற்றிப் பேசுவதும் இன்னும் ஒழியவில்லை.

உண்மை யாது? பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண்பால் குறையும் தனித்தோ சேர்ந்தோ காணப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் என்றேனும் மகப்பேறின்மைக்கு உள்ளாகின்றனர். இஃது ஒரு குடும்பத்தின் சாபமன்று, பரவலான உடற்குறை.

ஓராண்டுக் காலம் கருத்தடை ஏதுமின்றிச் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிடில் மருத்துவரைக் காணவேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். முதற் சோதனைகளில் ஒன்று கணவனின் விந்துச் சோதனையாக இருத்தல் வேண்டும். அதற்குச் செலவு குறைவு, வலியும் இல்லை. இச்சோதனைக்குக் கணவன் உடன்படாமல், மனைவியை மட்டும் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்வது பணத்தையும் வயதையும் வீணாக்குவதாகும்.

காரணங்கள் சில

மாதவிலக்கு 28 நாளுக்கொருமுறை ஒழுங்காக வரும் பெண்ணுக்கு, அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு சினைமுட்டை வெளிப்படுகிறது. முட்டை ஏறக்குறைய ஒரு நாளே உயிர்ப்புடன் இருக்கும்; ஆணின் உயிரணு ஐந்து நாள்வரை இருக்கக்கூடும். எனவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கருத்தரிக்கத் தக்க காலம். இதை அறிந்த அளவிலேயே சிலருக்குச் சிகிச்சை வேண்டியிராது.

பெண்ணிடத்தில் சினைப்பையில் நீர்க்கட்டிகள், தைராய்டுக் குறை, கருக்குழாய் அடைப்பு ஆகியன முக்கிய காரணங்கள். நம் நாட்டில் கருக்குழாய் அடைபடுவதற்குக் காசநோயும் ஒரு காரணமாகும். காசநோய் நுரையீரலை மட்டுமே தாக்கும் என்று எண்ணுதல் தவறு. அதற்குரிய மருந்து அரசாங்கத்தால் இலவசமாக வழங்கப்படுகிறது.

ஆணிடத்தில் புகையிலை, மது, விரை நரம்பு வீக்கம், பருவமடைந்த பின் வரும் புட்டாளம்மை ஆகியவை உயிரணுவைக் குறைக்கலாம். பயிர்த்தொழில் செய்வோர் மற்றொன்றையும் அறிதல் நலம். 1977-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டி.பி.சி.பி. என்னும் நூற்புழுக்கொல்லி தயாரித்த தொழிற்சாலையில், ஆண் தொழிலாளர் பலர் தமக்குப் பிள்ளை பிறக்காததைத் தம்முள் பேசிக்கொண்டனர். சோதித்தபோது பலருக்கு உயிரணு மிகக் குறைந்தும், சிலருக்கு அறவே அற்றும் இருந்தது. குறையை மறைக்காமல் ஒருவரோடொருவர் பேசியமையால் அந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. எந்தப் பூச்சிமருந்தாயினும் கையுறையும் முகமூடியுமின்றித் தெளித்தலும், வெறுங்கையால் கலக்குதலும் ஆகா.

சோதனைக் குழாய் முறை

பெண்ணின் முட்டையை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் உயிரணுவோடு சேர்த்து, உண்டான கருவை மூன்று அல்லது ஐந்து நாளில் கருப்பையில் வைப்பது இம்முறை. இங்கிலாந்தில் 1978 ஜூலை 25-ஆம் நாள் இவ்வாறு முதற் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாயரின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்காலத்தில் அவர் சாதனையை அரசு அமைத்த குழு ஏற்கவில்லை. அவமதிப்புற்ற அவர் 1981-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் பம்பாயில் பிறந்த குழந்தைக்கு வழிவகுத்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமாரே, பின்னர் முகோபாத்தியாயரின் குறிப்புகளை ஆராய்ந்து, முதன்மை தமக்கன்று, அவருக்கே உரியது என்று 1997-இல் எடுத்துரைத்தார். தமக்குரிய பெருமையைத் தாமே பிறருக்கு அளித்த நேர்மை அது. தென்னிந்தியாவில் இம்முறையில் முதற் குழந்தை 1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் அவர்களின் சிகிச்சையில் பிறந்தது.

நிற்க. இம்முறை எல்லோருக்கும் வேண்டுவதன்று, எல்லோருக்கும் பலிப்பதுமன்று. 35 வயதுக்குட்பட்ட பெண்களுக்கும் ஒரு சுற்றில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கே குழந்தை கிட்டும். 40 வயதுக்குப் பின் சொந்த முட்டையால் கிட்டும் வாய்ப்பு மிகவும் குறைவு. தனியார் நிலையங்களில் ஒரு சுற்றுக்கு இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் செலவாகும். 'நிச்சயம் பலிக்கும்' என்று விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கை வேண்டும்.

2021-ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை)ச் சட்டம் அங்கத்தினருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நிலையம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். நன்மை, தீமை, செலவு, பலிக்கும் வாய்ப்பு ஆகியவற்றை முன்னரே விளக்கவேண்டும். எழுத்து மூலம் சம்மதம் பெறவேண்டும். குறைதீர்க்கும் பிரிவு ஒன்றும் வைத்திருக்கவேண்டும். பெண்ணின் வயது 21 முதல் 50 வரையும், ஆணின் வயது 21 முதல் 55 வரையும் இருத்தல் வேண்டும். குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்தெடுத்தல் குற்றமாகும்.

பேசப்படாத மற்றை நோய்கள்

பிள்ளை பெறாத பெண்ணின் துன்பம் ஒருவிதம் எனில், பிள்ளை பெற்ற பெண்ணின் துன்பம் மற்றொருவிதம். பேறு முடிந்து சில நாட்களிலேயே நெல் மூட்டையும் தண்ணீர்க் குடமும் சுமக்கும் பெண்களுக்கு, இடுப்படித் தசைகள் தளர்ந்து கருப்பை கீழிறங்குவதுண்டு. 'அடி இறங்கிவிட்டது' என்று மூதாட்டிகள் கூறுவர். இருமினால் சிறுநீர் கசிவதும் இத்தளர்ச்சியால் நேரக்கூடியதே. வெட்கத்தால் இவற்றை இருபது ஆண்டு மறைத்து வாழ்வோர் உண்டு. இவை விதியல்ல, சிகிச்சைக்கு உட்பட்டவை. தொடக்க நிலையில் பயிற்சியே பயன் தரும்: சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணி விடுதல்; ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். முற்றிய நிலையில் உள்ளே பொருத்தும் வளையமும் அறுவைச் சிகிச்சையும் உள்ளன.

பாவோடும் தாரோடும் காலை முதல் மாலைவரை உட்கார்ந்திருக்கும் பெண்கள், கழிப்பிடம் இல்லாமையால் தண்ணீர் குடியாமல் சிறுநீரை அடக்கிக்கொள்வது நீர்த்தாரைப் புண்ணுக்கு இடமாகும். துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, உறவின்பின் இரத்தக்கசிவு, விலக்கு நின்றபின் மீண்டும் இரத்தம் காணுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காலம் தாழ்த்தலாகாது. கருப்பைவாய்ப் புற்றுநோயை வருமுன்னரே கண்டு தடுக்க இயலும். 30 வயது கடந்த பெண்கள் நோய்க்குறி இல்லாவிடினும் அதற்குரிய சோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

எங்கே செல்வது? முதலில் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையம். அங்கிருந்து புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள இராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, ஜிப்மருக்கோ செல்லலாம்.

சங்கம் செய்யக்கூடியவை

தறிக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பிடம் கட்டுதல் கட்டடச் செலவன்று, உற்பத்திச் செலவே. ஆண்டுக்கொருமுறை மருத்துவச்சோதனை நாள் ஏற்பாடு செய்து, ஆண்களையும் வரச் செய்யலாம். சிகிச்சைக்குக் கடன் கேட்போரிடம் மெய்யான காரணத்தை மறைக்கவேண்டாம் என்று சொல்லி, அதை இரகசியமாகக் காத்து, எத்தனை சுற்று, எவ்வளவு செலவு, எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே தம்பதிகள் முடிவு செய்ய உதவலாம். நிறுத்துவதும் ஒரு கௌரவமான முடிவே. சட்டப்படி குழந்தையைத் தத்தெடுப்பதும், இருவராகவே இனிது வாழ்வதும் குறைந்த வாழ்வாகா. பிள்ளை இருப்பினும் இல்லாவிடினும் பெண் அங்கத்தினரின் பங்கும் வாக்கும் சங்கத்தில் ஒன்றே. அந்தச் சமத்துவம் ஊரிலும் வீட்டிலும் வரவேண்டும்.

கல்விக் கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்:

1. பிள்ளையில்லாத தம்பதிகளில் கணவனும் சோதனை செய்துகொள்ளவேண்டியது ஏன்?

2. சிகிச்சை நிலையத்தில் பணம் கட்டுமுன் கேட்கவேண்டிய நான்கு விவரங்கள் யாவை?

3. நம் தறிக்கூடத்தில் பெண்களுக்குத் தண்ணீர் வசதியும் கழிப்பிட வசதியும் எவ்வாறு உள்ளன? இல்லையேல் எந்த நிதியிலிருந்து, எந்த மாதத்திற்குள் செய்யலாம்?