பழைய இயக்கமைப்பும் புதிய தோட்டாவும்

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இரு பருவமழைகள் பெய்கின்றன. கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருப்பதால், எண்ணெயிடாத எஃகு விரைவில் துருப்பிடிக்கும். இத்தகைய நகரில் ஆயுதக் கிடங்கின் பொறுப்பை ஏற்றிருப்பவருக்குப் பராமரிப்பே முதற்கவலையாகும். எனவே துப்பாக்கியின் இயக்கமைப்பைத் திருத்தும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. அது தவறாது இயங்குமா? அதைச் சாதாரணக் காவலரே பிரித்துத் துடைக்க இயலுமா? மேற்கு வங்கத்திலுள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் நடைபெற்ற ஒரு திருத்தம் இதனை விளக்க ஏற்ற சான்றாகும்.

தேவை எழுந்த விதம்

1962 ஆம் ஆண்டின் சீனப் போரில் நமது காலாட்படையினரில் பெரும்பாலோர் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியையே ஏந்தியிருந்தனர். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி அது. அதன்பின் படையில் 7.62 மி.மீ. அரைத் தானியங்கித் துப்பாக்கி புகுத்தப்பட்டது. ஆனால் அனைவருக்கும் அது உடனடியாகக் கிடைக்கவில்லை. ஒரே படைக்கு இருவகைத் தோட்டாக்களை வழங்குவதும் எளிதன்று. ஆகவே, பழகிய பழைய இயக்கமைப்பைப் புதிய தோட்டாவுக்கு ஏற்றவாறு அமைக்க முடிவு செய்யப்பட்டது. இவ்வாறு உருவானவையே இஷாப்பூர் 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகள்.

மாற்றப்பட்டவை

.303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. பெட்டியில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் அமைந்துவிட்டால், இரண்டும் சிக்கிக்கொள்ளும். 7.62 மி.மீ. தோட்டாவில் நீட்டிய விளிம்பு இல்லாததால் இக்குறை நீங்கிற்று. அதற்கேற்பத் தோட்டாப் பெட்டியும், சுட்ட தோட்டாக்கூட்டைக் கவ்வி இழுக்கும் கொக்கியும் மாற்றியமைக்கப்பட்டன. புதிய தோட்டாவின் அழுத்தம் மிகுதியாதலால், இயக்கமைப்பின் உடற்பகுதி மேலும் உறுதியான எஃகினால் செய்யப்பட்டது. இவை பழைய துப்பாக்கிகளின் குழலை மட்டும் மாற்றிப் பெற்றவை அல்ல. புதிதாகவே உற்பத்தி செய்யப்பட்டவை. 2ஏ1 வகையில் பின் குறிகாட்டியின் எல்லையும் 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

மாற்றப்படாதவை

போல்ட்டின் அமைப்பு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டது. அதைப் பின்னுக்கு இழுத்து, அதன் தலைப்பகுதியை மேலே உயர்த்தினால், எக்கருவியும் இன்றி வெளியே எடுத்துவிடலாம். அதன்பின் குழலைப் பின்புறமிருந்தே துடைக்க முடியும். .303 துப்பாக்கியில் பயிற்சி பெற்றவருக்கு இதனைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய தேவையே எழவில்லை. பிற்காலத்தில் காவல் துறையினரும் இத்துப்பாக்கியைப் பயன்படுத்தினர்.

பாடம்

குறை எந்த உறுப்பில் உள்ளதோ அதை மாற்றுவதும், பயன்படுத்துவோரின் கைப்பழக்கத்தைக் காப்பதும் நல்ல திருத்தத்தின் இலக்கணம். அதே வேளையில், கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உறுப்பில் சிக்கனம் கூடாது. அங்கு நேரும் குறை சுடுபவரின் உயிருக்கே ஆபத்தாகும். எந்தத் துறைக்குக் கருவி வாங்கினாலும், மழைக்கால இரவில் அதைப் பிரித்துத் துடைக்கப் போகிறவரின் நிலையிலிருந்து அதனை ஆராய்வது அதிகாரிகளின் கடமையாகும்.