அது சிறுத்தைக் குட்டி இல்ல

செர்வல் பூனையை ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. ஆப்பிரிக்கப் புல்வெளியில, புல்லுக்குள்ள எலி நகர்ற சத்தத்தைக் கேட்டே நீளக் காலோட எம்பிக் குதிச்சுப் பிடிக்கும். அதே வேலையை நம்ம ஊர்ல பார்க்கிறது காட்டுப்பூனை.

பெயர்தான் குழப்புது. அடர்ந்த காடு இதுக்குச் சரிப்படாது. கோரை, சம்பு, கரும்புத் தோட்டம், ஏரிக்கரைப் புதர்னு உயரமான புல்லும் பக்கத்துல தண்ணியும் இருக்கிற இடம்தான் இதுக்கு வீடு. ஆங்கிலத்துல 'ஜங்கிள் கேட்'. அந்த 'ஜங்கிள்' வந்த சமஸ்கிருதச் சொல் 'ஜாங்கலம்' முதல்ல குறிச்சது வறண்ட திறந்தவெளியை! தமிழ்ல இன்னும் நல்ல சொல் இருக்கு: வெருகு. தொல்காப்பியத்திலேயே வரும்.

ராஜஸ்தான் சரிஸ்கா ஆய்வுல ஒரு காட்டுப்பூனை ஒரு நாளைக்கு 3 முதல் 5 எலி வரை சாப்பிடும்னு கணக்கிட்டாங்க. வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல. விவசாயி சம்பளம் கொடுக்காமலே கிடைக்கிற வேலையாள்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். புல்லு வெட்டும்போதோ கரும்பு அறுக்கும்போதோ இதோட குட்டிங்க கண்ணுல படும். உடனே வாட்ஸ்அப்ல 'சிறுத்தைக் குட்டி'னு போட்டோ பறக்கும். எங்க குரூப்லயும் ஒருதடவை வந்துச்சு, நானும் நம்பி ஃபார்வர்ட் பண்ணேன். வித்தியாசம் சுலபம்தான். சிறுத்தைக் குட்டிக்கு உடம்பெல்லாம் கரும்புள்ளி, வால் நீளம். காட்டுப்பூனைக் குட்டிக்குக் கோடுகள் இருக்கும், சிலதுக்குப் புள்ளியும் இருக்கலாம். வளர வளர அதுவும் மறைஞ்சு உடம்பு மணல் நிறமாயிடும். வால் குட்டை, நுனிப் பக்கம் கறுப்பு வளையம். காது நுனியில சின்னக் கறுப்பு முடிக்கொத்து.

குட்டி தனியா இருந்தா அநாதைனு அர்த்தமில்ல. தாய் இரை தேடப் போயிருக்கும், ஆள் நடமாட்டம் அடங்கினதும் வந்து ஒவ்வொண்ணா கழுத்தைக் கவ்வித் தூக்கிட்டுப் போயிடும். நாம 'காப்பாத்தி' ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்து பால் ஊத்தினா, அந்தக் குட்டிக்கு எலி பிடிக்கச் சொல்லித்தர யாரு இருக்கா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்ல வளர்க்கவும் முடியாது.

அம்பத்தூர், ஆவடி, செம்பரம்பாக்கம் பக்கம் ஏரியோரப் புதர்ல குட்டியைப் பார்த்தா தொடாதீங்க. நாய் வராம தூரத்துல நின்னு பாருங்க. காயம் இருந்தாலோ, மறுநாளும் தாய் வரலைன்னாலோ வனத்துறைக்குச் சொல்லுங்க. போட்டோ எடுத்தா ஃப்ளாஷ் வேண்டாம், லொகேஷனும் போடாதீங்க.