யுரேனஸின் குட்டி நிலா

கேள்வி: யுரேனஸுக்கு மிக நெருக்கமாகச் சுற்றும் நிலா எது? நம் தொலைநோக்கியில் தெரியுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கார்டீலியா. குறுக்களவு சுமார் 40 கி.மீ.; கோவை உக்கடத்தில் பஸ் ஏறி உங்கள் ஊரில் இறங்குகிற தூரம்தான். மில்லில் ஒரு ஷிப்ட் முடியும் 8 மணி நேரத்தில் யுரேனஸை ஒரு சுற்று வந்துவிடும். வீட்டுத் தொலைநோக்கிக்கு அது எட்டாது. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் எடுத்த படங்களில்தான் அகப்பட்டது.

ஆனால் இந்தக் கதையின் முதல் பக்கம் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது என்பதில் எனக்குப் பெருமை. 1977 மார்ச் 10 இரவு, நள்ளிரவு தாண்டிய நேரம். ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியால் ஒரு நட்சத்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் அதை நெருங்கும் முன்பே ஒளி சில விநாடிகள் மங்கியது. புதிய நிலா என்றே கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவில் விமானத்திலிருந்து பார்த்த வானியலாளர் எலியட் குழுவின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அது யுரேனஸைச் சுற்றும் வளையம் என்று தெரிந்தது. எப்சிலான் வளையம்!

அந்த வளையத்தின் துகள்கள் சிதறிப் போகாமல் உட்புறம் கார்டீலியாவும் வெளிப்புறம் ஒஃபீலியாவும் தங்கள் ஈர்ப்பால் காக்கின்றன. மந்தையின் இரு பக்கமும் நடக்கும் ஆட்டுக்காரர்களைப் போல. மேய்ப்பன் நிலாக்கள் என்றே அவற்றுக்குப் பெயர்.

சென்னை ரயிலில் ஜோலார்பேட்டை இறங்கி, ஒருமுறை காவலூர் போய் வாருங்கள்.