மெனு இருக்க, கட்டளை எதற்கு?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்கு எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மெனுவிலேயே எல்லாம் முடிகிறதே, கட்டளைகளை ஏன் கற்க வேண்டும்?
- ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: முடியும்தான், உங்கள் கைடு "இந்த மூன்று பேரை நீக்கிவிட்டு மறுபடி போடும்மா" என்று சொல்லும்வரை. எந்த வயதுகளை எந்தப் பிரிவில் சேர்த்தீர்கள், யாரை வடிகட்டினீர்கள் என்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? கட்டளைக் கோப்பு கையில் இருந்தால் அத்தனை அட்டவணைகளும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும்.

1968இல் எஸ்.பி.எஸ்.எஸ். பிறந்தபோது மெனுவே கிடையாது. துளை அட்டையில் கட்டளைதான். இன்றும் பழைய மேனோவா (பலமாறி மாறுபாட்டுப் பகுப்பாய்வு) கட்டளையை மெனுவில் தேடினால் கிடைக்காது.

கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். மெனுவில் திறக்கும் பெட்டியில் ஓகே பொத்தானுக்குப் பக்கத்தில் பேஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே, பலரும் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதை அழுத்தினால், நீங்கள் தேர்ந்தெடுத்தவை கட்டளையாகச் சின்டாக்ஸ் சன்னலில் வந்து விழும். அதை ஓட்டிப் பாருங்கள், திருத்திப் பழகுங்கள். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் முற்றுப்புள்ளி அவசியம். விட்டுப்போனால் மென்பொருள் முரண்டு பிடிக்கும். நட்சத்திரக் குறியில் தொடங்குவது குறிப்பு. அந்த மூவரை ஏன் நீக்கினீர்கள் என்று அங்கே எழுதிவையுங்கள்.

வரைபடங்களை மட்டும் மெனுவிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அவற்றைக் கட்டளையில் எழுதுவது வீண் தலைவலி.