பழைய மரமும் சுருங்குமா?

மாணவர்களே, செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் தூண்களிலும் உத்திரங்களிலும் பர்மாத் தேக்கு நிறைய உண்டு. அப்படி ஒரு வீட்டைப் பிரிக்கும்போது மரங்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுகின்றன. உங்கள் குடும்பம் ஒரே ஒரு துண்டை மட்டும் எடுத்துவைத்து, கடைசல் இயந்திரத்தில் கிண்ணமாகக் கடைந்து, பூன் லே வீட்டில் நினைவாக வைக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விரிசல் விட்டால் வேறு துண்டு கிடைக்காது. “நூறு வருஷம் காய்ந்த மரம், ஒன்றும் ஆகாது” என்பார்கள். அது சரியா?

நீர் இருக்கும் இடங்கள் இரண்டு

மரத்தின் செல்களுக்கு உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் நீர் உண்டு. செல் சுவரிலும் உண்டு. மரத்தை வெட்டியதும் வெற்றிடத்து நீர் முதலில் போகும். அப்போது மரம் சுருங்காது. ஈரப்பதம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது சுவரின் நீர் வெளியேறும். சுருக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

சுவரின் நீர் காற்றோடு எப்போதும் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. மரத்துக்கு எத்தனை வயதானாலும் இது நிற்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் மரம் சுமார் 16 விழுக்காட்டில் நிலைகொள்ளும். குளிரூட்டிய அறையில் அது 10 விழுக்காட்டை நெருங்கலாம்.

கணக்குப் போடுவோம்

தேக்கு 30 விழுக்காட்டிலிருந்து முழுதாகக் காயும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. ஈரம் 16-லிருந்து 10-க்கு இறங்குவது அந்த 30-ல் ஐந்தில் ஒரு பங்கு. எனவே 100 மில்லிமீட்டர் கிண்ணம் குறுக்கே சுமார் 1 மில்லிமீட்டர் சுருங்கலாம். நீளவாக்கில் அப்படியே இருக்கும். வட்டமாகக் கடைந்தது லேசான நீள்வட்டம் ஆகிவிடும்!

அதனால்தான் முதலில் தடிமனாகக் கடைந்து, கிண்ணம் இருக்கப்போகும் அறையிலேயே சில வாரம் வைத்து, பிறகு இறுதி வடிவம் கொடுப்பது நல்லது. எண்ணெய் பூசினால் ஈரம் நகர்வது மெதுவாகும், நிற்காது.

செய்து பாருங்கள்

ஒரு மரத்துண்டை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறியுங்கள். எடை மாறாமல் நின்றால் மரம் அந்த அறைக்குப் பழகிவிட்டது. முழுதாகக் காய்ந்தால் 100 கிராம் இருக்கும் துண்டு இன்று 116 கிராம் என்றால், ஈரப்பதம் 16 விழுக்காடு.

கவனம்

கடைசல் வேலையைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். உள்ளே ஆணி இருக்கலாம். காந்தம் இரும்பைக் காட்டும், பித்தளையைக் காட்டாது. பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும், அதைத் தேய்க்காதீர்கள். ஆணி இருந்த இடத்தில் கருநீலக் கறை தெரிந்தால், அது இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்து உண்டானது. அந்தக் கறையைச் சுரண்ட வேண்டாம். உத்திரமாக இருந்த காலத்தின் அடையாளம் அது.