அடியாத மாடும் அசையாத பிள்ளையும்

"அடியாத மாடு படியாது."

யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் பிரம்புக்கு இந்தப் பழமொழிதான் சாட்சி. சட்டம் அதற்கு எதிர்ப்பக்கம். உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையை மீறிய செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பிரம்பை வாங்கினால் வாத்தியார் திருப்பிக் கேட்பார்: "அப்ப இந்தக் குழப்படிகாரனை என்ன செய்யிறது?" நியாயமான கேள்விதான்.

தரம் ஏழில் ஒரு பெடியன் என்று வைத்துக்கொள்வோம். கணிதபாடம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை, பக்கத்துப் பிள்ளையின் கொம்பாசுப் பெட்டியைத் தட்டி விழுத்துகிறான். "வெளியில போய் நில்!" போய் நிற்கிறான். இரண்டு நாள் கழித்து அதே கூத்து. இப்போது ஆசிரியர் ஒரு கொப்பி எடுத்து மூன்றே விஷயம் குறிக்கட்டும்: குழப்படிக்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், செய்ததால் அவனுக்கு என்ன கிடைத்தது. இரண்டு வாரக் குறிப்பைப் புரட்டினால், பின்னக் கணக்குச் செய்யக் கரும்பலகைக்கு எழுப்பிய நாட்களில் மட்டுமே பெட்டி விழுந்திருப்பது தெரியவரலாம். அப்படியென்றால் வெளியே நிற்பது அவனுக்குத் தண்டனையே இல்லை, தப்பித்தல். பிரம்படியும் அப்படித்தான், நாற்பது பேர் முன்னால் பின்னத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இரண்டு அடி லேசு. அவனைப் பலகைக்கு எழுப்பாமல் இடத்திலேயே மூன்று கணக்கு மட்டும் கொடுத்து, முதலாவது சரிவந்ததும் சத்தமில்லாமல் ஒரு 'சரி' போட்டுவிட்டு நகர்ந்து பாருங்கள். குழப்படி மறுநாளே நிற்காது. குறையும்.

எல்லாக் குழப்படிக்கும் காரணம் கணக்கல்ல. கவனக்குறைவும் மிகைத் துடியாட்டமும் சேர்ந்த கோளாறு மூளை வளர்ச்சியோடு வருவது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளையை அடித்துப் பலகையை வாசிக்க வைக்க முடியாது, இதுவும் அப்படியே.

"அவள் தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது."

எனக்கு அதிகம் பயம் தருவது இந்தப் பாராட்டுத்தான். ஆலோசனைப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே வடகிழக்கில் 420 மாணவர்களை நேர்கண்ட ஆய்வொன்று 2009இல் வெளியானது. 92 சதவீதமானோர் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினர் சாவு போன்ற எதையாவது அனுபவித்திருந்தார்கள். நால்வரில் ஒருவருக்கு மனவடு நோயளவுக்கு முற்றியிருந்தது. அந்தப் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் கண்டது நினைவாற்றல் குறைவு, புள்ளி இறக்கம், மற்றவர்களிடமிருந்து ஒதுங்குதல். கதிரை எறிந்தவனை அதிபரிடம் அனுப்புகிறோம். ஒதுங்கிப் போனவளுக்கு நன்னடத்தைப் பரிசு கொடுத்து அனுப்புகிறோம்! போன தவணை முன்வாங்கில் இருந்தவள் கடைசி வாங்குக்கு நகர்ந்தாளா, சாப்பாட்டுப் பெட்டி இடைவேளையில் திறக்கப்படாமலே வீட்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். இன்னொன்று: பிள்ளைகளின் மனச்சோர்வு கண்ணீராகத்தான் வரும் என்றில்லை, எரிச்சலாகவும் வரும். நாம் அதற்கு 'வாய்காட்டுறாள்' என்று பெயர் வைத்து விடுகிறோம்.

"2009இல போர் முடிஞ்ச பிறகு பிறந்ததுகளுக்கு என்ன பாதிப்பு?"

ஷெல் சத்தம் கேளாத பிள்ளைகள்தான். ஆனால் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் இன்று அவர்களுடைய தாய் தகப்பன்மார். அந்தத் தலைமுறை பள்ளியில் இருந்த காலத்தில் வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வு, பிள்ளை வீட்டில் படும் அடியைத் தகப்பனின் குடியோடும் அந்தப் பிள்ளை கண்ட போரோடும் தொடர்புபடுத்தியது. வீட்டில் அடிவாங்கி வந்தவனுக்குப் பாடசாலைப் பிரம்பு புதுப்பாடம் எதையும் சொல்லித் தராது.

"கிளினிக்குக்குப் போனால் விசரெண்டு பேர் வரும், நாளைக்குக் கலியாணமும் குழம்பும்."

ஊர் கதைக்கும், பொய்யில்லை. கோயிலில் நூல் கட்டுவதை நிறுத்தச் சொல்லவும் தேவையில்லை. வடக்கின் மனவடுக்களைப் பற்றி நிறைய எழுதிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் சடங்குகள் தரும் ஆறுதலையும் மதித்தே எழுதினார். ஆனால் நூலோடு நின்றுவிடக் கூடாது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. போனவுடன் குளிசை என்றுமில்லை. பல பிள்ளைகளுக்கு முதலில் பேச்சும் பெற்றோருக்கான வழிகாட்டலுந்தான். வெளிக்கிடத் தயங்குபவர்களுக்கு 1926 என்ற மனநல உதவி இலக்கம் உண்டு.

நோயைக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலையல்ல. பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கோ வைத்தியருக்கோ கடிதம் எழுதும்போது "சரியான குழப்படி" என்று ஒற்றை வரியில் முடிக்காமல் அந்தக் கொப்பியைப் பிரதி எடுத்து இணைத்தால் போதும்: எந்த நாள், எத்தனையாம் பாடம், முன்னால் என்ன, பின்னால் என்ன.